தாளில் எழுதப்படாத பெயர்

திருவண்ணாமலையை வலம்வரும் பாதை 14 கிலோமீட்டர் நீளமுடையது. முழுநிலவு நாள்களில் அப்பாதையில் நடப்போர் இலட்சக்கணக்கினர். அவர்தம் கண்கள் மலையுச்சியை நோக்கியிருத்தல் இயல்பு. மலையடியின் பாறை இடுக்குகளிலும் முட்புதர்களின் நிழலிலும் என்ன முளைத்திருக்கிறது என்று குனிந்து பார்ப்போர் சிலரே. எனினும் ஒரு நிலத்தின் வரலாறு அதன் கோபுரங்களிலும் கல்வெட்டுகளிலும் எழுதப்பட்டிருப்பதுபோலவே அதன் புல்லிலும் பூண்டிலும் எழுதப்பட்டிருக்கிறது. கல்வெட்டுகளைத் தாளில் ஒற்றிப் படியெடுத்துக் காக்கும் அறிஞர் உள்ளனர். அவ்வாறே செடிகொடிகளைத் தாளில் பதித்துக் காக்கும் அறிவியல் மரபும் ஒன்று உண்டு. உலர்தாவரத் தொகுப்பு என்பது அதன் பெயர். ஹெர்பேரியம் என்று கல்லூரி மாணவர் வழங்குவது அதனையே.

அம்மரபின் பெருமை பெரிது. அதில் விடுபட்டுப்போன ஒன்றும் உண்டு. இரண்டையும் ஒரு சிறு செடியின் வரலாற்றைக் கொண்டு சிந்திப்பது நம் நோக்கம்.

கல்லில் முளைப்பது

அச்செடி கல்லுமுளையான். கள்ளிமுளையான் என்றும் மக்கள் அதனை வழங்குவர். தமிழகத்தின் வறண்ட குன்றுகளிலும் கரட்டு நிலங்களிலும் பாறைகளுக்கிடையே ஒரு பிடி மண் கிடைத்தால் போதும், அது முளைத்துவிடும். விரற்பருமனுள்ள, நான்கு பட்டைகளையுடைய, சதைப்பற்றுள்ள தண்டே அதன் உடல் முழுவதும். இலைகள் மிகச் சிறியவை. தோன்றிய சில நாளில் உதிர்ந்துவிடுபவை. கள்ளி என்னும் சொல் பெயரில் ஒட்டியிருப்பினும் இது கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. எருக்குக்கும் நன்னாரிக்கும் உறவு. தண்டின் நுனிப்பகுதியில் மஞ்சளும் கருஞ்சிவப்புமாகக் கோடுகள் கலந்த சிறு மலர்கள் தலைகவிழ்ந்து பூக்கும். வண்டுகளையும் தேனீக்களையும் அவை நம்பியிருப்பதில்லை. ஈக்களே மகரந்தம் சுமக்கின்றன. பின்னர் இரு கொம்புகளைப்போல் காய் நீண்டு, வெடித்து, பட்டிழை கட்டிய விதைகளைக் காற்றில் பறக்கவிடும்.

இதன் நெருங்கிய உறவினங்கள் அரேபியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பாலைவெளிகளில் வாழ்கின்றன. நம் நாட்டில் அத்தகைய மணற்பாலை இராசபுதனத்தை ஒட்டியே உண்டு. ஆயினும் பாலை என்பது தமிழர்க்குப் புதிய சொல்லன்று. நம் முன்னோர் பாலைக்கென்று நிலையான ஒரு நிலத்தை ஒதுக்கவில்லை. காடும் மலையும் மழையின்றித் தம் இயல்பு கெடும்போது கொள்ளும் கோலத்தையே பாலை என்றனர். ஆகவே பாலை நம்மிடம் வந்துபோகும் ஒரு பருவம். மழை பெய்யும் மூன்று மாதம் பசுமையும் எஞ்சிய மாதங்களில் வெந்த பாறையுமாகக் காட்சிதரும் நம் மாவட்டத்துக் குன்றுகளைப் பார்ப்போர்க்கு அவர்தம் கணிப்பின் நுட்பம் விளங்கும். அப்பருவத்தைத் தாங்குவதற்கென்றே அமைந்த உடல் கல்லுமுளையானுடையது. தண்டில் நீரைச் சேமித்துவைத்து, மண் முற்றிலும் காய்ந்தபின்னும் அது உயிர்வாழும்.

தாள் பேசும் மொழி

உலர்தாவரத் தாள் என்பது என்ன? ஏறத்தாழ 42 சென்டிமீட்டர் நீளமும் 29 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தடித்த தாள் ஒன்று. அதன்மீது, செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்திய செடி, வேரும் தண்டும் இலையும் மலரும் தெரியும்படி ஒட்டப்பட்டும் நூலால் தைக்கப்பட்டும் இருக்கும். வலப்பக்கக் கீழ்மூலையில் ஒரு சிறு சீட்டு: செடியின் பெயர், குடும்பம், பறித்த இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், நாள், பறித்தவர் பெயர், அவர் இட்ட எண். இவ்வளவே.

இம்முறை 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் லூக்கா கீனி என்னும் பேராசிரியர் காலத்தில் பரவியது. தோட்டத்துச் செடி பருவம் தப்பினால் மாணவர்க்குக் காட்ட இயலாது. தாளில் உலர்ந்த செடியை எப்பருவத்திலும் காட்டலாம் என்பதே தொடக்ககாலப் பயன். நாளடைவில் பயன் பெருகியது. 1753-இல் லின்னேயசு தம் நூலின்வழித் தாவரங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டியபின், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சாட்சி தேவைப்பட்டது. இப்பெயர் இச்செடியையே குறிக்கும் என்று காட்ட ஒரு தாளையோ படத்தையோ நியமித்தனர். இன்று உலகெங்கும் 3,500-க்கு மேற்பட்ட தொகுப்புக் கூடங்களில் ஏறத்தாழ 40 கோடித் தாள்கள் உள்ளன.

சாட்சி என்னும் சொல்லை நாம் எண்ணிப் பயன்படுத்துகிறோம். சாட்சிக்குரிய இலக்கணம் தாளுக்குப் பொருந்துகிறது: தான் கண்டதை மட்டும் கூறும், எங்கு, எந்நாள் என்று கூறும், யார் கண்டார் என்பதற்குப் பெயர் சொல்லும். நூறாண்டுக்கு முன் ஒரு குன்றில் பறித்த செடி இன்று அங்கில்லையெனில், அங்கு இருந்தது என்பதற்கு அத்தாளைத் தவிர வேறு சான்று இராது. மொட்டையாகிப்போன குன்றை மீண்டும் பசுமையாக்க விழைவோர்க்கு, எந்த மரம் அந்நிலத்துக்கு உரியது, எது பின்னர் வெளியிலிருந்து வந்தது என்று காட்டும் வழிகாட்டியும் அத்தாளே.

ஆனால் சாட்சியின் மொழியைப் படிக்கப் பயிற்சி வேண்டும். திருவண்ணாமலை வட்டம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. பின்னர் வடஆற்காட்டுடன் சேர்க்கப்பட்டது. 1989-இல் வடஆற்காடு பிரிக்கப்பட்டுத் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. ஆகவே தென்னாற்காடு, வடஆற்காடு, திருவண்ணாமலை என மூன்று வெவ்வேறு பெயர்கள் தாங்கிய சீட்டுகள் ஒரே குன்றைக் குறிக்கக்கூடும். வரலாறு அறியாதவர் அவற்றை மூன்று இடங்கள் என்று எண்ணிவிடுவர். நாட்டின் எல்லைகளை மனிதர் மாற்றி எழுதுகின்றனர். செடி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

கல்லுமுளையானைத் தாளில் பதிப்பதில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. சாதாரணச் செடி அழுத்தத்தில் ஒரு வாரத்தில் உலர்ந்துவிடும். சதைப்பற்றுள்ள செடிகளோ தாளுக்கிடையே வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். இருட்டிலும் அழுத்தத்திலும் வளரவும் முயலும். ஆதலால் அவற்றைக் கொதிநீரிலோ சாராயத்திலோ அமிழ்த்தி முதலில் கொன்றாக வேண்டும். அதன்பின் உலர்த்தினாலும் பட்டைகளின் வடிவும் மலரின் நிறமும் கெட்டுவிடும். இத்தொல்லைக்கு அஞ்சிச் சேகரிப்போர் பலர் இவ்வகைச் செடிகளைத் தொடாமலே கடந்துசெல்வதுண்டு. அதனால் வறண்ட நிலத்துச் சதைப்பற்றுச் செடிகளுக்கு, அவை பரவியிருக்கும் அளவுக்கு ஏற்பத் தாள்கள் இல்லை. தாள் குறைவு என்பதனால் செடி அரிது என்று முடிவுகட்டுதல் தவறாகும். எளிதில் சாகாத ஒன்று பதிவேட்டில் இடம்பெறுவதும் எளிதன்று போலும்!

ஒரு பெயரின் பயணம்

கல்லுமுளையானின் அறிவியல் வரலாறு சோழமண்டலக் கரையில் தொடங்குகிறது. லின்னேயசின் மாணவரான கோனிக் என்னும் மருத்துவர் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவரோடும் அங்கிருந்த லூத்தரன் திருப்பணியாளரோடும் செடிகளைப் பறித்துப் பெயரிட்டு ஐரோப்பாவுக்கு அனுப்பும் வழக்கம் வேரூன்றியது. அவர்களுள் 1776-இல் வந்த ராட்லர், 1836-இல் சென்னை வேப்பேரியில் மறையும்வரை இந்நாட்டிலேயே வாழ்ந்தவர். தமிழுக்கு அகராதி தொகுத்தவரும் அவரே. அவர் சேர்த்த தாள்கள் இலண்டன் சென்று, இறுதியில் அங்குள்ள கியூ தாவரத் தோட்டத்தை அடைந்தன.

அக்காலத்திலேயே கிழக்கிந்தியக் கும்பினியின் மருத்துவரான வில்லியம் ராக்ஸ்பர்க் சென்னைக்கு வந்து, பின்னர்த் தெலுங்கு நாட்டிலே சாமல்கோட்டையில் தங்கிச் செடிகளை ஆராய்ந்தார். அவருடைய சோழமண்டலக் கரைத் தாவரங்கள் என்னும் பெருநூல் 1795 முதல் 1820 வரை 300 வண்ணப்படங்களோடு வெளிவந்தது. அதன் முதற் பகுதியிலேயே நம் செடி இடம்பெற்றது. அதனை அவர் ஸ்டபீலியா என்னும் ஆப்பிரிக்க இனத்தில் அடக்கினார். கூடவே தெலுங்கு மக்கள் அதனைக் காரல்லம் என்பர் என்றும், அதன் தண்டை அவர்கள் பச்சையாகத் தின்பர் என்றும் குறித்துவைத்தார்.

1810-இல் இராபர்ட் பிரவுன் என்னும் அறிஞர் இச்செடிக்கும் இதன் உறவுகளுக்கும் தனி இனம் வகுத்தபோது, அத்தெலுங்குப் பெயரையே இலத்தீன் வடிவாக்கிக் கரலூமா என்று பெயரிட்டார். இன்று அரேபியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வளரும் உறவுச் செடிகள்கூட இப்பெயரைத் தாங்குகின்றன. வறண்ட காட்டில் ஏதோ ஓர் ஊரில், யாரோ ஒருவர் கைநீட்டிக் காட்டிச் சொன்ன சொல் உலகம் முழுவதற்கும் உரிய அறிவியற் சொல்லாயிற்று. சொன்னவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

பின்னும் ஆராய்ச்சி தொடர்ந்தது. வாலிக் என்னும் டேனிய மருத்துவர் பர்மாவில் கண்ட, மலரிதழில் மெல்லிய மயிர்விளிம்பு கொண்ட செடியைத் தனி இனமாக்கினார். தென்னாட்டில் பணியாற்றிய இராபர்ட் வைட் மற்றொன்றைப் பிரித்தார். 1931-இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கிரேவ்லியும் மயூரநாதனும் இந்தியக் கரலூமாக்களை ஒருசேர ஆராய்ந்து, இவையெல்லாம் ஒரே செடியின் வகைகளே என்று கூறி ஒன்றாக்கினர். ஒன்றா மூன்றா என்னும் இவ்வினா ஏட்டுச் சுரைக்காய் போலத் தோன்றலாம். இச்செடிக்குச் சந்தை ஒன்று உருவானபோதுதான் எது எந்தச் செடி என்று உறுதிசெய்ய வேண்டியதன் தேவை தெரிந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

எழுதப்பட்டவரும் எழுதப்படாதவரும்

இப்பயணத்தில் நாம் இதுவரை சொன்ன பெயர்களை எண்ணிப்பாருங்கள். கோனிக், ராட்லர், ராக்ஸ்பர்க், பிரவுன், வாலிக், வைட், கிரேவ்லி, மயூரநாதன். எண்மருள் எழுவர் ஐரோப்பியர். அவர்கள் உழைப்பைக் குறைத்துப் பேசுதல் நன்றி மறத்தலாகும். காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் அஞ்சாது நடந்து அவர்கள் பதிவுசெய்திராவிட்டால் இன்று நமக்குப் பேச ஒன்றுமிராது. ஆனால் அவர்கள் தனியே நடக்கவில்லை. கூடைசுமந்தவர், வழிகாட்டியவர், பாறையேறிப் பறித்தவர், பெயர் சொன்னவர், உண்ணும் முறை சொன்னவர் ஆகியோர் உடன் நடந்தனர். ராக்ஸ்பர்க்குக்காக 2,500-க்கு மேற்பட்ட தாவரப் படங்களை வரைந்தோர் இந்திய ஓவியர். அவர்களுள் பெரும்பாலோர் பெயர் நமக்கு எட்டவில்லை.

அக்கால வழக்கமே அது என்று சமாதானம் கூறலாமா? கூற இயலாது. ஏனெனில் ராக்ஸ்பர்க்குக்கு நூறாண்டுக்கு முன்பே வேறொரு வழக்கம் நம் அண்டையில் இருந்தது. கொச்சியில் ஒல்லாந்து ஆளுநராக இருந்த வான் ரீட், மலையாள நாட்டுத் தாவரங்களைப் பற்றி 12 தொகுதிகள் கொண்ட ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்னும் நூலைத் தொகுப்பித்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அது அச்சாயிற்று. 740-க்கு மேற்பட்ட தாவரங்கள் அதில் உள்ளன. தொடக்கத்தில் அவருக்குத் துணைநின்றவர் கார்மேல் சபைத் துறவியான சூசையப்பரின் மத்தேயு அடிகள். பின்னர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ மருத்துவர் தம் குடும்பத்து ஓலைச்சுவடிகளில் இருந்த மருத்துவ அறிவைச் சொல்லிவர, மொழிபெயர்ப்பாளர் அதனை எழுதினார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் உதவினர். முதல் தொகுதியில், இவ்வறிவு எம்முடையது என்று அவர்கள் தந்த உறுதிமொழிகள் அவர்களுடைய எழுத்து வடிவிலேயே அச்சிடப்பட்டன. இட்டி அச்சுதனின் உறுதிமொழி 1675-ஆம் ஆண்டுக்குரியது, கோலெழுத்தில் உள்ளது. சாதிக் கொடுமை தலைவிரித்தாடிய காலத்தில் ஓர் ஈழவரின் பெயரும் கையெழுத்தும் உலகறிவு நூலின் முகப்பிலே நின்றன. மனம் இருந்தால் பெயர் எழுத இடமும் இருக்கும் என்பதற்கு இது சான்று.

இராபர்ட் வைட்டும் ஓரளவு இந்நெறியில் நின்றவர். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட 2,100-க்கு மேற்பட்ட படங்களை வரைந்த ரங்கையா, கோவிந்து என்னும் ஓவியர் இருவரின் பெயர்களைப் படங்களோடு சேர்த்தே அச்சிட்டார். ஓர் ஆர்க்கிட் இனத்துக்கு அவர் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். பிற்கால ஆராய்ச்சியில் அவ்வினம் வேறொன்றோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆயினும் சூட்டிய நன்றி அழியவில்லை.

நம் தமிழகத்தில் இம்மரபை நம் காலத்துக்குக் கொண்டுவந்தவருள் குருக்களும் உண்டு. திருச்சி தூய வளனார் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த பிரெஞ்சு இயேசு சபைக் குரு ரப்பினாவின் பெயரால் அங்கு 1967-இல் ரப்பினா உலர்தாவரத் தொகுப்பு தொடங்கப்பட்டது. தொடங்கியவர் அச்சபையின் கே.எம். மேத்யூ அடிகளார். அவரும் அவர்தம் மாணவரும் சமவெளிகளிலும் சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் முதலிய மலைகளிலும் ஆண்டுக்கணக்கில் நடந்து தாள்களைச் சேர்த்தனர். அவ்வுழைப்பின் பயனாக, தமிழகக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களைப் பற்றிய பெருநூல் 1981 முதல் 1983 வரை வெளிவந்தது. பழனிமலைத் தாவரங்களைப் பற்றிய நூலை 1999-இல் முடித்துத்தந்த அடிகளார் 2004-இல் மறைந்தார். பலிபீடத்தில் பணியாற்றிய கைகளே செடிகளுக்கும் பணியாற்றின என்பதில் நம் திருச்சபை பெருமை கொள்ளலாம். அப்பெருமையோடு நமக்கு வரும் கடமையை அடுத்துக் கூறுவோம்.

பசியும் சந்தையும்

கல்லுமுளையானின் தண்டு உண்ணத்தக்கது. கசப்பும் உவர்ப்பும் கலந்த அதனைப் பச்சையாகவும் மெல்வர். நார் சீவி, புளியும் மிளகாயும் உப்பும் சேர்த்து வதக்கித் துவையலாகவும் அரைப்பர். மத்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியாவின் செல்வம் என்னும் தொகுதி இதனைக் காய்கறியாகவும் பஞ்சகால உணவாகவும் குறிப்பிடுகிறது. பஞ்சகால உணவு என்னும் அச்சொல்லில் ஒரு துயர வரலாறு அடங்கியிருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாதுவருடப் பஞ்சத்தில் பல இலட்சம் பேர் மாண்டனர். விதைத்தது கருகி, சந்தையில் தானியம் எட்டாத விலைக்குப் போனபோது, ஏழைகள் நாடியது காட்டுக் கிழங்கையும் கீரையையும்தான். எது உண்ணத்தக்கது, எது நஞ்சு, எதை எத்தனை நீரில் அவித்து ஊற்ற வேண்டும் என்ற அறிவு அன்று அரிசிமூட்டைக்கு நிகரானது. அவ்வறிவைக் காத்துவந்தோர் பெரும்பாலும் எழுத்தறியாத பெண்கள்.

இருபதாம் நூற்றாண்டு முடிந்தபின் நிலைமை விந்தையாக மாறிற்று. உண்ண ஒன்றுமில்லாதவர் உண்ட செடி, உண்டு பருத்தவர் உடல்மெலிய உண்ணும் மருந்தாக வெளிநாட்டுக் கடைகளில் இடம்பெற்றது. பெங்களூர் தூய யோவான் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர் 50 பேரைக்கொண்டு 60 நாள் நடத்திய ஆய்வு 2007-இல் வெளியாயிற்று. நாளொன்றுக்கு ஒரு கிராம் சாற்றுப்பொடி உட்கொண்டோர்க்குப் பசியுணர்வும் இடுப்பின் சுற்றளவும் குறைந்தன. உடல் எடையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று அவ்வாய்வு நேர்மையாகவே கூறியது. விளம்பரங்கள் அத்தகைய நிதானத்தோடு பேசுவதில்லை. அவற்றில் தவறாது வரும் வாசகம் ஒன்றுண்டு: இந்தியப் பழங்குடியினர் வேட்டைக்குச் செல்கையில் இதனை மென்று பசியை அடக்குவர் என்பதே அது.

இந்தப் பழங்குடியினர் யார்? எந்த மலையினர்? எந்த ஊரினர்? அவர்களிடம் கேட்டவர் யார்? அவர்களுக்குக் கிடைத்தது என்ன? விளம்பரத்தில் விடையில்லை, பழைய தாள்களின் சீட்டுகளிலும் விடையில்லை. சொன்னவர் பெயரை எழுதாத பழக்கம் அறிவியலில் சிறு குறையாகத் தோன்றியது. வாணிகத்தில் அது பெரும் அநீதியாக முதிர்ந்தது. பெயர் இல்லாதவர்க்குப் பங்கு கொடுப்பது எங்ஙனம்? சாட்சியில்லாத வழக்கில் தீர்ப்பு யார்பக்கம் சாயும் என்பது நாம் அறியாததன்று. இதுமட்டுமன்று, எந்த வயலிலும் பரவலாகப் பயிரிடப்படாத ஒரு செடிக்கு விலை ஏறினால், பறிக்கும் கைகள் காட்டுக்கே செல்லும். அப்போது மூட்டையில் வந்திருப்பது எந்தச் செடி, எந்த வகை, எந்தக் குன்றினது என்று சோதிக்க நமக்குத் துணையாக நிற்பவை அப்பழைய தாள்களே. கிரேவ்லியும் மயூரநாதனும் பட்ட பாடு வீண்போகாது என்று முன்னர்க் குறித்தது இதனை நினைந்தே.

இவ்வாறே நடக்கவேண்டும் என்னும் விதியில்லை. அகத்தியமலையில் காணிக்காரர் நடந்துகொண்டே ஒரு செடியின் காயை மென்று களைப்பைப் போக்கிக்கொள்வதை, 1987-இல் அவர்களோடு சென்ற அறிவியலார் கண்டனர். ஆரோக்கியப் பச்சை என்னும் அச்செடியிலிருந்து திருவனந்தபுரத்தை அடுத்துள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையம் ஜீவனி என்னும் மருந்தை உருவாக்கி, கோவையிலுள்ள ஆயுர்வேத நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் அளித்தது. உரிமத் தொகையிலும் பங்குத்தொகையிலும் பாதி காணிக்காரர்க்கு என்று முடிவாகி, அதற்கென ஓர் அறக்கட்டளையும் 1997-இல் பதிவுசெய்யப்பட்டது. அம்முயற்சியில் பின்னர்ப் பல சிக்கல்கள் நேர்ந்தன. எனினும் வழிகாட்டியவரைப் பங்காளியாக ஏற்ற முன்மாதிரியாக அதனை உலகம் இன்றும் எடுத்துப் பேசுகிறது. இட்டி அச்சுதனின் கையெழுத்துக்கும் இதற்கும் இடையே மூன்று நூற்றாண்டு இடைவெளி உண்டு, நெறி ஒன்றே.

நாம் நிரப்பவேண்டிய இடம்

1992-இல் நாடுகள் கூடிச்செய்த பல்லுயிர் உடன்படிக்கையின் வழியில், நம் நாட்டில் 2002-இல் பல்லுயிர்ச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி அமைந்த தேசிய ஆணையம் சென்னையிலேயே உள்ளது. ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் மக்களைக்கொண்ட ஒரு குழு இருக்கவேண்டும். அக்குழு அவ்வூரின் செடிகொடிகளையும் அவற்றைப் பற்றி மக்களுக்குள்ள அறிவையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றில் எழுதிவைக்கவேண்டும் என்பது சட்டம். 2023-இல் இச்சட்டம் திருத்தப்பட்டபோது, ஏட்டில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோர்க்குச் சில விலக்குகள் அளிக்கப்பட்டன. இத்திருத்தத்தின் நன்மை தீமைகளை அறிஞர் வாதிடுகின்றனர். அவ்வாதம் எப்படி முடியினும், வாய்மொழியாக மட்டும் வாழும் அறிவு சொல்பவரோடு மறைந்துவிடும் என்பதில் ஐயமில்லை.

ஆதலால் பதிவேடு என்பது அலுவலகத்தில் யாரோ நிரப்பவேண்டிய படிவம் என்று நாம் ஒதுங்கியிருத்தல் ஆகாது. சவ்வாது மலையின் மலையாளிகளிடமும், செங்கம் பக்கத்துக் காட்டோர ஊர்களிலும், நம் பங்குகளின் மூதாட்டியரிடமும் இன்னும் எத்தனையோ பெயர்களும் முறைகளும் இருக்கின்றன. நம் இளைஞர் இயக்கங்கள் கோடை விடுமுறையில் அவர்களை நாடிச் செல்லலாம். செடியின் ஊர்ப்பெயர், வளரும் இடம், பூக்கும் மாதம், உண்ணும் முறை ஆகியவற்றைக் கேட்டு எழுதலாம். சொல்ல விரும்பாததை வற்புறுத்தாமல், அவர் இசைவோடு, சொன்னவர் பெயரையும் ஊரையும் தவறாது எழுதி ஊராட்சிக் குழுவிடம் சேர்க்கலாம். கல்லூரியில் தாவரவியல் பயிலும் பிள்ளைகள் தாம் ஒட்டும் ஒவ்வொரு தாளின் சீட்டிலும், பறித்தவர் என்பதற்குக் கீழே காட்டியவர் என்று ஒரு வரி சேர்க்கலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு துளி மை.

திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் விடுத்த சுற்றுமடலில், நாம் அறியாமலே ஆண்டுதோறும் மறைந்துபோகும் உயிரினங்களுக்காக வருந்தியதோடு, நிலத்தின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் பிரித்துக் கேட்கலாகாது என்றும் அறிவுறுத்தினார். கல்லுமுளையானின் வரலாறு அவ்விரண்டும் ஒன்றே என்பதைக் காட்டுகிறது. செடியைக் காக்கத் தெரிந்த நாம், செடியைக் காட்டியவரைக் காக்கத் தவறினோம். அவரை மறந்தபோது செடியையும் சந்தையில் விட்டுவிட்டோம். முதல் மனிதனிடம் உயிர்களுக்குப் பெயரிடும் பணியை இறைவன் ஒப்படைத்தார் என்கிறது நம் மறைநூல். அப்பணி இன்னும் முடியவில்லை. செடிக்குப் பெயர் எழுதியாயிற்று. அதனைச் சொல்லித்தந்த மூதாட்டியின் பெயரை எழுதும் வேலை எஞ்சியிருக்கிறது. அவர் உயிரோடிருக்கும்போதே அதனைச் செய்து முடிப்பது நம் தலைமுறைக்குரிய கடமை.